பேச்சு சுதந்திரம் சோறு போடுமாங்க?

11.08.2024, ஞாயிறு

திருப்பூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டது:

"அண்ணா, பேச்சு சுதந்திரம் பேச்சு சுதந்திரம்னு எல்லாரும் ஒரே புடியா புடிக்கறீங்க. எங்க தெருவுல தண்ணி வாரத்துக்கு ரெண்டு நாள், ரோடு பூரா குழி, கம்பெனில ஆர்டர் இல்லாம வாரத்துல நாலு நாள்தான் வேலை. இதுல எவன் என்ன புக் எழுதுனா எனக்கென்ன, எவனைப் புடிச்சு உள்ள வச்சா எனக்கென்ன? சிங்கப்பூர்ல வாயைத் தொறக்க முடியாதுங்கறாங்க, ஆனா ஊரு எப்படி இருக்கு பாருங்க. சோறா பேச்சா? நேரா பதில் சொல்லுங்க, குறள் எல்லாம் வேண்டாம்."

11.08.2024, இரவு 10:20

குறள் கூடாதுன்னு முன்னாடியே கட்டையைப் போட்டுட்டீங்க. சரிங்க தம்பி, சோத்துலயே ஆரம்பிப்போம், சோறுதான் முக்கியம், அதுல எனக்கு சண்டையே இல்ல.

1943 வங்காளப் பஞ்சம். செத்தவங்க 20 லட்சத்துல இருந்து 30 லட்சம் வரைக்கும்ங்கறாங்க. கல்கத்தா ரோட்டோரத்துல ஆளுக சுருண்டு கெடக்கறாங்க, ஆனா யுத்த காலம், சென்சார், பஞ்சம்னு அறிவிக்கவே இல்ல அரசாங்கம். அந்த வருசம் ஆகஸ்ட் 22ந்தேதி ஸ்டேட்ஸ்மேன் பேப்பர் தெருவுல கெடந்தவங்க போட்டோவைப் போட்டுச்சு. ஆசிரியர் அயன் ஸ்டீபன்ஸ், அவரும் வெள்ளைக்காரர்தான். அதுக்கப்புறம்தான் டெல்லிலயும் லண்டன்லயும் மூடி மறைக்க முடியாம போச்சு. இதையெல்லாம் ஒம்பது வயசுப் பையனா நேர்ல பார்த்தவர் அமர்த்தியா சென், 1998ல நோபல் வாங்குனவர். எலெக்சனும் பத்திரிகை சுதந்திரமும் இருக்கற நாட்டுல பெரும் பஞ்சம் வந்ததில்லைங்கறது அவரோட கணக்கு. சீனாவுல 1958ல இருந்து 61 வரைக்கும் கோடிக்கணக்குல செத்தாங்களே, அங்க கீழ இருக்கற அதிகாரி விளைச்சல் அமோகம்னு எழுதி அனுப்பறான், மேல இருக்கறவன் அதை நம்பி தானியத்தை அள்ளிட்டுப் போறான், களத்துல நிக்கறவனுக்குத் தெரியும் ஒன்னும் இல்லைன்னு, ஆனா சொன்னா தலை போயிரும்.

இது ஏதோ தூரத்து ஊர்க் கதைன்னு நினைச்சீங்கன்னா நம்ம நொய்யல் கதை ஒன்னு இருக்கு, பொறவு சொல்றேன். நம்ம பிரஸ்ல மிசின் ஓடிட்டிருக்கு.

12.08.2024, காலை 7:05

சிங்கப்பூரை நைசா தாண்டிட்டேன்னு ஒருத்தர் புடிச்சுட்டார். உண்மைதான், முழு பதில் என்கிட்ட இல்ல. ஆளு நல்லபடியா அமைஞ்சுட்டா வாயை மூடிக்கிட்டும் ஒரு ஊரு நல்லா இருக்கலாம் போல. ஆனா வாயை மூடுன ஊர்ல எத்தனை ஊரு சிங்கப்பூர் ஆச்சு, எண்ணிச் சொல்லுங்க. லாட்டரில விழுந்தவனைக் காட்டி நம்மளையும் சீட்டு வாங்கச் சொல்ற மாதிரி இருக்கு. (லாட்டரியை நம்மூர்ல 2003லயே நிறுத்திட்டாங்க, அது வேற.)

ஊகான் டாக்டர் லீ வென்லியாங் ஞாபகம் இருக்கா? 2019 டிசம்பர் 30ந்தேதி கூடப் படிச்ச டாக்டருங்க குரூப்ல, சார்ஸ் மாதிரி ஒன்னு வந்திருக்கு, பத்திரமா இருங்கன்னு போட்டார். நாலு நாள்ல போலீஸ் கூப்பிட்டு, வதந்தி பரப்பறேன்னு கையெழுத்து வாங்குச்சு. பிப்ரவரி 7ந்தேதி அதே நோய்ல, கொரோனாவுல, செத்துப் போனார். அவர் சொன்னதை அன்னிக்கே காது குடுத்துக் கேட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கேட்கவே விடலைங்கறதுதான் வயித்தெரிச்சல்.

13.08.2024, இரவு 11:40

நொய்யல் கதை. இதை எழுதலாமா வேண்டாமான்னு நேத்து பூரா ரோசனை, ஏன்னா எங்க வீட்டு சமாச்சாரம்.

எங்கப்பா பிரஸ் வச்சிருந்தார், இப்ப நான் வச்சிருக்கேன், சென்னிமலைப் பக்கம். அப்ப ட்ரெடில் மிசின், கையில அச்சுக் கோர்க்கற வேலை. எங்களுக்கு சோறு போட்டது கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீஸும்னு வெளிய சொல்லிக்குவோம், ஆனா நெசமா சோறு போட்டது பில் புக்கு, டெலிவரி சலான், வவுச்சர். அதுல பாதிக்கு மேல சாயப்பட்டறைக ஆர்டர்.

ஒரத்துப்பாளையம் டேம் எங்களுக்குப் பக்கம். 1992ல கட்டி முடிச்சாங்க, பாசனத்துக்கு. வெள்ளியங்கிரி மலைல பொறந்து கோயமுத்தூர் திருப்பூர் தாண்டி வர்ற நொய்யல், திருப்பூரைத் தாண்டும்போது என்ன கலர்ல வந்துச்சோ அதே கலர்ல வந்து டேம்ல நின்னுச்சு. சாயத்துக்குப் போடற உப்பு பூரா அந்தத் தண்ணில. கெணத்துல எறங்கிருச்சு. எங்க அம்மிச்சி ஊட்டுல எளநி கரிக்கும், நெசமா, எளநில உப்புக் கரிச்சது நான் குடிச்சிருக்கேன்.

97 வாக்குல, நான் எட்டாவதோ ஒம்பதாவதோ. வெள்ளை வேட்டி துண்டோட மூணு பேர் பிரஸ்ஸுக்கு வந்தாங்க, பெரியவர் ஒருத்தர் கையில நோட்டுல எழுதிட்டு வந்திருந்தார். பிட் நோட்டீஸ், ஆயிரம். அப்பா உள்ள வேற வேலையா இருந்தார், சரின்னு சொல்லி அட்வான்ஸ் வாங்கிட்டார், என்னைக் கோர்க்கச் சொல்லிட்டார். லீவு நாள்ல நான்தான் சின்ன ஜாப் எல்லாம் கோர்ப்பேன். "சாயத்தண்ணி"ங்கற வார்த்தை திரும்பத் திரும்ப வருது, பாதிலயே எழுத்துப் பெட்டில "ண்" தீர்ந்து போச்சு, பழைய ஜாப்ல இருந்து புடுங்கிப் போட்டேன், அது இன்னும் ஞாபகம் இருக்கு. ப்ரூஃப் எடுத்து அப்பா கையில குடுத்தேன். அவர் ஒருக்கா படிச்சார். ரெண்டாவது ஒருக்கா படிச்சார். அதுல ரெண்டு பட்டறை பேரு இருந்துச்சு, ரெண்டுமே எங்களுக்கு பில் புக் குடுக்கறவங்க.

"பிரிச்சுரு கண்ணு" அப்படின்னார். அவ்வளவுதான்.

அச்சுல கோர்த்ததைப் பிரிக்கறது தெரியுமா தம்பி உங்களுக்கு? மண்ணெண்ணெய் போட்டு மையைத் தொடைச்சு, ஒவ்வொரு எழுத்தா எடுத்து அதது குழில போடணும். ஈய எழுத்து, தலைகீழாத்தான் தெரியும். கோர்க்க ரெண்டு மணி நேரம்னா பிரிக்க ஒரு மணி நேரம். ஒரு மணி நேரமா அந்த நோட்டீஸை நான் பின்னால இருந்து முன்னால படிச்சுட்டே பிரிச்சேன். மறுநாள் பெரியவர் வந்தப்ப அப்பா "மிசின் ரிப்பேருங்க" ன்னார். அவரு மிசினைப் பார்த்தார், அதுல கோயில் நோட்டீஸ் ஓடிட்டிருக்கு. "செரிங்" ன்னுட்டு போயிட்டார்.

போலீஸ் வரல, சட்டம் வரல, யாரும் ஒரு வார்த்தை மிரட்டல. பட்டறைக்காரங்களுக்கு இப்படி ஒரு நோட்டீஸ் வந்ததே தெரியாது. நாங்களே நிறுத்திக்கிட்டோம்.

14.08.2024, காலை 6:50

ராத்திரி எழுதுனதைப் படிச்சா அப்பாவை வில்லன் ஆக்கிட்ட மாதிரி இருக்கு. அப்படி இல்லைங்க. மூணு புள்ளைக, பேங்க் லோனு. அந்த ஆர்டரை இழந்துட்டு எங்க போவார்? "நமக்கெதுக்கு வம்பு"ங்கறது நம்ம பக்கம் கெட்ட வார்த்தை இல்ல, புத்திசாலித்தனம். நானே எத்தனை தடவை சொல்லிருக்கேன்.

15.08.2024

சுதந்திர தின வாழ்த்துகள். கொடி ஸ்டிக்கர் 4000 அடிச்சது, அதுல 600 கலர் மாறிப் போச்சு, காவி ரோஸ் ஆயிருச்சு. பேச நேரமில்ல.

17.08.2024, மதியம்

ஒருத்தர் கேட்டிருக்கார், "அப்ப 2011ல கோர்ட் சாயப்பட்டறையை மூடுனப்ப உங்களுக்கு சந்தோசமா?"ன்னு. இல்லைங்க.

அந்த ஆத்துப் பாசன விவசாயிக வருசக்கணக்கா கோர்ட்டுக்கு நடந்தாங்க. ஒரு சொட்டுக் கழிவும் வெளிய விடக் கூடாதுன்னு 2006ல ஐகோர்ட் சொல்லுச்சு, அப்படியும் சரியாகாம 2011 ஜனவரி கடைசில திருப்பூர் பட்டறைக மொத்தத்தையும் மூடச் சொல்லிருச்சு. என்ற மாமன் ஒருத்தர் பட்டறைல வின்ச், அதான் துணிக்குச் சாயம் ஏத்தற மிசின், ஓட்டிட்டிருந்தார். வெள்ளிக்கெழமை வேலை, அடுத்த வாரம் இல்ல. அத்தை நகை அடகுக்குப் போச்சு. அப்ப தொழிலாளிக சார்புல நோட்டீஸ் அடிக்க வந்தாங்க, பட்டறையைத் தொறங்கன்னு. நான் அடிச்சேன். ராத்திரியோட ராத்திரியா அடிச்சுக் குடுத்தேன்.

இப்ப ரோசிச்சா, 97லயே ஊரு பூரா அந்தப் பேச்சு ஓடிருந்தா, பிரஸ்காரன் அடிச்சு, பேப்பர்காரன் போட்டு, பட்டறைக்குள்ளயே நாலு பேரு "இது நம்ம தலைல விழும்"னு பேசிருந்தா, அத்தனை பட்டறையையும் ஒரே நாள்ல இழுத்து மூடற நெலமை வந்திருக்காதோ என்னவோ. சுத்திகரிப்புச் செலவை அப்பவே கொஞ்சம் கொஞ்சமா பண்ணிருப்பாங்க. பதினாலு வருசம் பேசாம இருந்ததுக்கு வட்டியோட கட்டுனது என்ற மாமன். தம்பி, நீங்க கேட்ட சோத்துக் கணக்கு இதுதான்.

17.08.2024, இரவு

"துட்டு வந்துச்சு அடிச்சீங்க, இதுல கொள்கை எங்க?"ன்னு ஒருத்தர். ஆமாங்க, துட்டு வந்துச்சு. ஒத்துக்கறேன். ஆனா எதிர்ப்பக்கம் வந்திருந்தாலும் அன்னிக்கு அடிச்சிருப்பேன். அடிச்சிருப்பேன்னு நினைக்கறேன்.

20.08.2024, இரவு 10:00

பேச்சை சர்க்கார்தான் அமுக்கும்னு நிறைய பேரு எழுதறீங்க. சர்க்காரும் அமுக்கும், இல்லைங்கல. நம்ம சேலத்தையே எடுத்துக்கங்க. 1950 பிப்ரவரி 11, குடியரசு ஆகி பதினாறு நாள், சேலம் ஜெயிலுக்குள்ள துப்பாக்கிச் சூடு, 22 கம்யூனிஸ்ட் கைதிக செத்தாங்க. மார்ச் 1ந்தேதி, பம்பாய்ல இருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திட்டிருந்த கிராஸ் ரோட்ஸ் பத்திரிகை மெட்ராஸ் ராஜ்யத்துக்குள்ள நுழையக் கூடாதுன்னு தடை. அவர் சுப்ரீம் கோர்ட் போய் மே 26ந்தேதி ஜெயிச்சார். நம்ம அரசியல் சட்டம் 19(1)(ஏ)ல எழுதிருக்கற பேச்சுரிமைக்கு வந்த முதல் பெரிய தீர்ப்புகள்ல ஒன்னு அது. ஜெயிச்சு ஒரு வருசம் முடிஞ்ச கையோட, 1951 ஜூன்ல சட்டத்தையே திருத்தி "பொது ஒழுங்கு"ன்னு ஒரு வார்த்தையைச் சேர்த்துட்டாங்க. அந்த வார்த்தை இன்னிக்கும் இருக்கு, போலீஸ் ஸ்டேசன்ல நின்னா கேட்கலாம்.

அதுக்கு முன்னாடி ஈரோட்டுல. 1925ல பெரியார் ஆரம்பிச்ச குடி அரசு பத்திரிகைல, இப்ப நடக்கற ஆட்சி ஏன் ஒழியணும்னு 1933ல ஒரு தலையங்கம். எழுதுனதுக்குப் பெரியாரும், பத்திரிகையை வெளியிட்டதுக்கு அவர் தங்கச்சி கண்ணம்மாவும் ஜெயிலுக்குப் போனாங்க. எழுதுனவர் போறது சரி, கண்ணம்மா போனதுதான் பிரஸ்காரனுக்கு உறைக்கும். நாங்க அடிக்கற ஒவ்வொரு தாள்லயும் அடில அச்சகத்துப் பேரும் ஊரும் போடணும்னு 1867ல வெள்ளைக்காரன் போட்ட சட்டம், இந்த வருசம் மார்ச்லதான் போச்சு. எலெக்சன் நோட்டீஸுக்கு இன்னும் கட்டாயம். "அண்ணா அந்த அடி வரியை மட்டும் விட்டுட்டு அடிச்சுத் தாங்க" ன்னு வர்றவங்களை நான் நல்லாப் பார்த்திருக்கேன். ஆளைப் பார்த்தாலே தெரியும்.

21.08.2024, காலை

திருத்தம்: குடியரசு ஆகி பதினாறு நாள்னு வாய்க்கு வந்ததை எழுதிட்டேன். ஜனவரி 26ல இருந்து எண்ணுனா பதினாறுதான் வருது. சரியாத்தான் எழுதிருக்கேன், திருத்தம் வாபஸ்.

23.08.2024, இரவு 9:30

பெருமாள்முருகன் விசயத்தை யாராச்சும் எடுப்பீங்கன்னு பார்த்தேன், எடுத்துட்டீங்க. நாமக்கல் அரசுக் கல்லூரில தமிழ் வாத்தியாரா இருந்தவர், அவரோட மாதொருபாகன் நாவல் 2010ல வந்துச்சு, திருச்செங்கோட்டுக் கதை. நாலு வருசம் ஒரு ஈ காக்கா கேட்கல. 2014 டிசம்பர்ல எரிச்சாங்க, கடையடைப்பு, நடுவுல இருந்து சில பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் போட்டு ஊரு பூரா குடுத்தாங்க. 2015 ஜனவரி 12, நாமக்கல் கலெக்டர் ஆபீஸ்ல "சமாதானக் கூட்டம்". மன்னிப்பு எழுதிக் குடுத்து, விக்காத புக்கைத் திரும்ப வாங்கிக்கறேன்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்தார். அப்புறம்தான் பேஸ்புக்ல, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துட்டான்னு போட்டது.

இதுல எனக்கு ரெண்டு மனசு. எதிர்த்தவங்களும் பேசத்தான் செஞ்சாங்க. எங்க ஊரை அசிங்கப்படுத்திட்டார்னு கத்தறதுக்கு அவங்களுக்கு உரிமை இருக்கு, நோட்டீஸ் போடலாம், புக்கை வாங்காம இருக்கலாம். உள்ளதைச் சொன்னா, அந்த ஜெராக்ஸ் வேலை எங்க கடைக்கு வந்திருந்தா நான் போட்டுக் குடுத்திருப்பேன். என்ன பக்கம்னு கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

எனக்கு உறுத்தறது அந்தக் கூட்டம். ஒரு பக்கம் ஊரே தெரண்டு நிக்குது, இன்னொரு பக்கம் ஒரு வாத்தியார், நடுவுல சர்க்கார் உக்காந்துட்டு "கையெழுத்துப் போட்டுருங்க, எல்லாருக்கும் நல்லது". நம்ம ஊர்ப் பஞ்சாயத்துல காலங்காலமா நடக்கறதுதான், யாரு கூட்டம் பெருசோ அவங்க பக்கம் சமாதானம். இத்தனைக்கும் சுப்ரீம் கோர்ட் 1989லயே ரங்கராஜன் கேஸ்ல, கூட்டம் கூட்டி மிரட்டறாங்கன்னு பேச்சை நிறுத்தறது மிரட்டலுக்குப் பணியறதுதான், பேசறவனைக் காப்பாத்தறது சர்க்கார் வேலைன்னு தெளிவா சொல்லிருச்சு. 2016 ஜூலை 5ந்தேதி மெட்ராஸ் ஐகோர்ட், அந்தக் கூட்டத்துல போட்ட கையெழுத்து செல்லாது, புக் புடிக்கலைன்னா தூக்கிப் போட்டுருங்க, அவர் மறுபடி எழுதட்டும்னுச்சு.

24.08.2024, காலை 8:10

நேத்து எழுதுனதுல, கோர்ட் சரி பண்ணிருச்சுன்னு தோணற மாதிரி முடிச்சுட்டேன். இல்ல. ஒன்றரை வருசம். அதுக்குள்ள அவர் நாமக்கல்லை விட்டே போயிட்டார். எங்க ஊர்ல கதை எழுதற பையன் ஒருத்தன் இருக்கான், சாதிப் பேரு ஊருப் பேரு எதுவும் வராம எழுதறான். ஏன்டா இது எந்த ஊர்லடா நடக்குதுன்னா "ஏதோ ஒரு ஊருங்ணா" ங்கறான். இதுக்கு எந்தக் கோர்ட்ல போய் அப்பீல் பண்றது.

25.08.2024, இரவு

கேள்வி: "அப்ப எதை வேணா பேசலாமா? சாதி குரூப்ல பேசறதெல்லாம் பேச்சு சுதந்திரமா?"

நல்லா மடக்கறீங்க. அதே 2015, அதே மலை. ஜூன் 23ந்தேதி திருச்செங்கோடு கோயிலுக்குக் கூடப் படிச்ச பொண்ணோட வந்த தலித் பையனை அங்கிருந்து கூட்டிட்டுப் போனாங்க. மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்துல பொணம். முக்கியக் குற்றவாளி தலைமறைவா இருந்துட்டே வாட்ஸ்அப்ல ஆடியோ ஆடியோவா விட்டான், நம்மாளுக பார்வர்ட் பண்ணுனாங்க, நானும் ஒன்னைக் கேட்டேன், டீக்கடைல போன்ல சத்தமா ஓடிட்டிருந்துச்சு. ஒருத்தரும் நிறுத்தச் சொல்லல. 2022ல தண்டனை வந்துச்சு, சாகற வரைக்கும் ஜெயிலு.

ஆக கதை எழுதுனவர் வாயடைச்சுப் போறார், கொலைக் கேஸ்ல தேடப்படறவன் வாய் ஓயாம பேசறான், ரெண்டும் ஒரே வருசத்துல ஒரே ஊர்ல. அவனை வெட்டு இவனைக் குத்துன்னு தூண்டறது பேச்சுல சேர்த்தியில்ல, அரசியல் சட்டமும் 19(2)ல அதை வெளிய நிறுத்திருக்கு, சரிதான். ஆனா அந்தக் கோட்டைப் போடறது யாரு கையில இருக்குங்கறதுதான் பயம். 2012ல மும்பைல பந்த் எதுக்குன்னு பேஸ்புக்ல கேட்ட ஒரு பொண்ணையும், அதுக்கு லைக் போட்ட இன்னொரு பொண்ணையும் புடிச்சாங்களே, ஐடி சட்டத்துல அப்படி ஒரு 66ஏ பிரிவு, 2015 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் அடிச்சுப் போட்டுது. லைக்குக்கு அரெஸ்ட், ஆடியோவுக்கு பார்வர்ட்.

டீக்கடைல நான் ஏன் பேசலைன்னு கேட்காதீங்க. அங்கதான் தினமும் டீ குடிக்கணும்.

26.08.2024

"குறள் வேண்டாம்னு சொன்னது வாபஸ், ஒன்னு சொல்லுங்க"ன்னு தம்பி எழுதிருக்கார். முடியாதுங்க. டைம் முடிஞ்சு போச்சு.

01.09.2024, ஞாயிறு இரவு

அப்பாகிட்ட கேட்டுட்டேன். எழுபத்தெட்டு வயசு, காது மந்தம், ஞாபகம் மட்டும் கத்தி. மத்தியானம் சாப்பிட்டு திண்ணைல உக்காந்திருந்தார். "ஏனுங்ப்பா, அந்த சாயத்தண்ணி நோட்டீஸு, பிரிக்கச் சொன்னீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா?"ன்னேன். சத்தமா ரெண்டு தடவை கேட்க வேண்டியதாப் போச்சு, பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் எட்டிப் பார்த்தாங்க.

கொஞ்ச நேரம் பேசல. நான் ஏதாச்சும் சமாதானம் சொல்லுவார்னு நினைச்சேன், லோனு, புள்ளைகன்னு. அவர் சொன்னது வேற.

"அட்வான்ஸ் நூறு ரூவா குடுத்தாரு. நான் திருப்பிக் குடுக்கல. அவரும் கேட்கல."

அப்புறம், "அந்தாளு போயிட்டாரு. பையன் வெள்ளோட்டுப் பக்கம் மாட்டுத் தீவனக் கடை வச்சிருக்கறான். நீ ஒருக்கா போ" ன்னார்.

போய்ட்டு வந்தேன். ஆயிரம் ரூபாயா கொண்டு போனேன், வட்டியோட. அவரு எனக்கு ரெண்டு வயசு மூப்பு இருப்பார். விசயத்தைச் சொன்னேன், மிசின் ரிப்பேர்னு பொய் சொன்னது வரைக்கும். சிரிச்சுட்டார். "உங்களுக்கு முன்னாடி ரெண்டு பிரஸ்ல கேட்டோமுங்க, உங்களுக்கப்புறம் ஒன்னு. கடைசில கரூர் போய் அடிச்சுட்டு வந்தோம்" ன்னார். பணத்தை வாங்கல. நோட்டீஸ் ஒன்னு பெட்டில கெடக்கும், தேடிப் பார்க்கறேன், கெடைச்சா போட்டோ அனுப்பறேன்னு என்ற நம்பரை வாங்கிக்கிட்டார்.

இன்னும் வரல. வந்தா இங்க போடறேன்.